குமிழைத் தொடுவதற்கு முன்

ஒரே கச்சேரியைக் கேட்டுவிட்டு வாசலுக்கு வரும் இரண்டு ரசிகர்கள் பல நேரம் இரண்டு வேறு கச்சேரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். வயலின் எடுபடவே இல்லை என்பார் ஒருவர். இன்றைக்குக் கச்சேரியைத் தூக்கி நிறுத்தியதே வயலின்தான் என்பார் மற்றவர். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று இருவரையும் கேட்டால் விஷயம் பிடிபடும். முன்னவர் பால்கனிக்கு அடியில், பின்வரிசையில். பின்னவர் எட்டாவது வரிசையில், நடுவில். இருவர் சொன்னதும் உண்மை. ஒருவருக்குக் கிடைத்த வயலின் மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

கர்நாடக இசை விமர்சனத்தில் பாடாந்தரம் பற்றி எழுதுகிறோம், கணக்கு பற்றி எழுதுகிறோம், ராக லட்சணம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பாடுபவரின் தொண்டைக்கும் கேட்பவரின் காதுக்கும் நடுவே ஒரு மைக், ஒரு மிக்சர், ஒரு ஈக்வலைசர், ஆம்ப்ளிஃபயர்கள், ஸ்பீக்கர்கள், அவற்றையும் தாண்டி நான்கு சுவர்களும் ஒரு கூரையும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுத வரும்போது "மைக்செட் சரியில்லை" என்ற ஒரு வரியோடு பேனா நின்றுவிடுகிறது. 1930களில் ஒலிபெருக்கி நம் மேடைக்கு வந்தது. மியூசிக் அகாடமியின் அரங்கு திறக்கப்பட்ட 1962இல் மைக் நமக்கு ஒரு தலைமுறைப் பழக்கமாகிவிட்டிருந்தது. நம் பெரிய அரங்குகள் ஒலிபெருக்கியின் காலத்தில் எழுந்தவை. நாம் கேட்டு வளர்ந்த கச்சேரிகளில் பெரும்பாலானவை இந்த வழியாக வந்து சேர்ந்தவை. வழியைப் பற்றிப் பேசாமல் வந்து சேர்ந்ததைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சு.

அந்த வழியை அளக்க முடியும். அளந்ததை வைத்துத் திருத்தவும் முடியும். ஆனால் அளவீட்டின் பெரிய பயன் திருத்துவதில் இல்லை என்பதே என் எண்ணம். எந்தக் குறைக்கு எந்தக் கருவியும் மருந்தாகாது, எங்கே கை வைத்தால் இருப்பதும் கெடும் என்பதை அது முகத்துக்கு நேராகச் சொல்கிறது. கையில் ஈக்வலைசரின் முப்பத்தொரு குமிழ்கள் இருக்கும்போது இப்படிச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார்.

*

இந்த வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். மாலைக் கச்சேரிக்கு மதியமே வந்துவிட்ட ஓர் ஒலிப்பொறியாளர். காலி அரங்கு. பத்தாவது வரிசையருகே நடைபாதையில் ஒரு ஸ்டாண்ட், அதன் நுனியில் பென்சில் பருமனில் அளவு மைக். உட்கார்ந்திருப்பவரின் காது எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரம், தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். ஸ்பீக்கரிலிருந்து பிங்க் நாய்ஸ் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒரே அளவு ஆற்றல் பங்கிடப்பட்ட இரைச்சல் அது. அருவிக்குச் சற்றுத் தள்ளி நின்று கேட்பதுபோல் இருக்கும். மடிக்கணினித் திரையில் இடது ஓரம் 20 ஹெர்ட்ஸிலிருந்து வலது ஓரம் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு கோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

170 ஹெர்ட்ஸை ஒட்டிக் கோடு பள்ளத்தில் இறங்கியது. "சார், இங்க குழி விழுது. ஏத்திடட்டுமா?" என்றார் உதவியாளர். "ஏத்திப் பாரு" என்றார் பொறியாளர். 10 டெசிபல் ஏற்றியதும் பள்ளம் ஏறக்குறைய நிரம்பியது. உதவியாளர் முகத்தில் திருப்தி. பொறியாளர் ஒன்றும் சொல்லாமல் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டுபோய் நடைபாதைக்கு அந்தப் பக்கம், நாலைந்து வரிசை முன்னால் வைத்தார். அங்கே அதே 170 ஹெர்ட்ஸில் கோடு குன்றாக எழும்பி நின்றது. பள்ளம் 250 ஹெர்ட்ஸ் பக்கம் போய்விட்டிருந்தது. ஏற்றியதை அவரே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

நடந்தது இதுதான். ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கு ஒலி இரண்டு வழிகளில் வருகிறது: ஒன்று நேராக, இன்னொன்று பக்கச் சுவரில் பட்டு. சுற்றி வரும் ஒலி 1 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிர்பதன அரங்கில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர். அதனால் அது சுமார் 2.9 மில்லிவிநாடி தாமதமாக வரும். 172 ஹெர்ட்ஸில் அந்தத் தாமதம் சரியாக அரை அலை. நேரே வந்த அலை மேலெழும்போது சுற்றி வந்த அலை கீழிறங்கும், ஒன்றையொன்று தின்றுவிடும். 517இலும் 862இலும் இதே கதை. கேட்பவர் இடம் மாறினால் கூடுதல் தூரம் 70 சென்டிமீட்டராகக் குறையலாம். உடனே பள்ளம் 246 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். பள்ளம் ஸ்பீக்கரில் இல்லை, பாடகரின் குரலில் இல்லை. அந்த இருக்கைக்கும் அந்தச் சுவருக்கும் இடையிலான கணக்கில் இருக்கிறது. ஈக்வலைசரோ அரங்கு முழுவதற்கும் ஒன்றுதான். ஓர் இருக்கையின் குறையைத் தீர்க்க அதைத் திருகினால் மற்ற இருக்கைகள் எல்லாம் அதற்கு விலை கொடுக்கும். 10 டெசிபல் என்றால் ஆம்ப்ளிஃபயர் அந்த அதிர்வெண்ணில் பத்து மடங்கு மின்திறன் கொடுக்க வேண்டும் என்பது தனிச் செலவு.

பிறகு அவர்கள் செய்தது உடம்பு வேலை. ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டித் தள்ளினார்கள், முகத்தை நடு இருக்கைகளை நோக்கித் திருப்பினார்கள். இரண்டு வழிகளுக்கும் இடையே தூர வித்தியாசம் சுருங்கியது. பள்ளம் மேலே ஏறி, ஸ்பீக்கர் பக்கவாட்டில் அதிகம் ஒலியைச் சிந்தாத அதிர்வெண்களுக்குப் போய், தன் ஆழத்தை இழந்தது. அதன் பிறகு ஸ்டாண்டை அரங்கெங்கும் நகர்த்தி நகர்த்தி எடுத்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். இருக்கைக்கு இருக்கை மாறியவற்றை எல்லாம் அப்படியே விட்டுவிட்டார். எல்லாக் கோடுகளிலும் பொதுவாக இருந்தது ஒன்றே: 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு பருத்த மேடு. அதை மட்டும் அகலமான பட்டையாக எடுத்து 4 டெசிபல் இறக்கினார். அத்தனை நேர அளவீட்டுக்குப் பின் ஈக்வலைசரில் நடந்த வேலை அவ்வளவுதான். எல்லோருக்கும் பொதுவான குறையே ஈக்வலைசருக்கு உரியது. மற்றவை ஸ்பீக்கரை வைக்கும் இடத்துக்கும் திசைக்கும் சுவருக்கும் உரியவை.

*

இந்த நிதானம் இத்துறைக்குத் தாமதமாக வந்தது. 1960களில் டெக்சாஸில் சார்ல்ஸ் பால் போனர் என்ற இயற்பியலாளர், அரங்கில் ஃபீட்பேக் என்னும் ஊளை எந்தெந்த அதிர்வெண்களில் கிளம்புகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அந்தந்த இடத்தில் மட்டும் ஒலியை மெலிதாக வெட்டும் வடிகட்டிகளைப் பொருத்தினார். 1967 வாக்கில் ஆல்டெக் நிறுவனம் ஸ்தாயியை மூன்றாகப் பிரித்துத் திருத்தும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இன்றும் நம் சபாக்களின் ஒலிப்பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும் 31 பட்டை கிராஃபிக் ஈக்வலைசர். கூடவே வந்தது ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று விளக்கு வரிசைகளாகக் காட்டும் ரியல் டைம் அனலைசர். பிங்க் நாய்ஸைப் போடு, விளக்குகள் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை குமிழ்களை ஏற்று இறக்கு: வேலை மிக எளிதாகத் தெரிந்தது. அப்படிச் சமன்செய்த அரங்குகளில் குரல் கூச்சலாகவும் மெலிந்தும் கேட்டது.

காரணம், அந்தக் கருவிக்குக் காலம் தெரியாது. நேரே வந்த ஒலியையும், அரை விநாடி சுவர்களில் அலைந்துவிட்டு வந்த ஒலியையும் அது ஒரே கூடையில் போட்டு எண்ணியது. நம் காது அப்படி எண்ணுவதில்லை. முதலில் வருவதற்கு அது தனி மரியாதை கொடுக்கிறது. ஸ்பீக்கர்கள் கீழ் அதிர்வெண்களை நாலாபுறமும் சிந்தும், மேல் அதிர்வெண்களை முன்னோக்கி மட்டுமே வீசும். அதனால் அரங்கில் தேங்கும் மொத்த ஒலியில் கீழ்ப்பக்கம் எப்போதும் கனத்தே இருக்கும். நல்ல அரங்கில் நல்ல ஸ்பீக்கரை வைத்து அளந்தால் கோடு இடமிருந்து வலமாக மெல்லச் சரிவது இயல்பு. அதை மட்டமாக்க மேலே ஏற்றினால், நேரே வரும் ஒலி தேவையில்லாமல் கூர்மையாகிக் காதைக் குத்தும்.

காலத்தை அளவீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் ரிச்சர்ட் ஹெய்சர் முக்கியமானவர். ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் பணியாற்றிய அவர், நேரே வரும் ஒலியைப் பின்னால் வரும் பிரதிபலிப்புகளிலிருந்து பிரித்துப் பார்க்கும் முறையை 1967இல் வெளியிட்டார். 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயங்கும் மேயர் சவுண்ட் நிறுவனம் இன்னொரு படி முன்னே போனது. மிக்சரிலிருந்து போகும் ஒலி ஒன்று, அரங்கில் மைக் பிடிக்கும் ஒலி ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டால் நடுவில் என்ன நேர்ந்தது என்று தெரிந்துவிடும். இதற்கு இரைச்சல் தேவையில்லை. பாட்டையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், நிறைந்த அரங்கில், கச்சேரி நடக்கும்போதே. அன்று பெரிய பெட்டியாக இருந்த கருவி இன்று ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டது.

அந்தத் திரையில் அளவுக்கோட்டோடு இன்னொரு கோடும் ஓடும். கோஹெரன்ஸ் என்பார்கள். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும், மைக்கில் விழுந்த ஒலியில் எவ்வளவு பங்கு ஸ்பீக்கர் அனுப்பியதோடு நேரடித் தொடர்புடையது, எவ்வளவு அரங்கின் சத்தம், தாமதமான முழக்கம், மின்விசிறி, இருமல் என்பதை அது காட்டும். கோடு உயரே இருக்கும் இடத்தில் அளவை நம்பலாம். தாழ்ந்த இடத்தில் அளவுக்கோடு எவ்வளவு பெரிய குழியைக் காட்டினாலும் நம்பக் கூடாது. அனுபவமுள்ள பொறியாளர் முதலில் பார்ப்பது இதைத்தான். தன்னை எங்கே நம்ப வேண்டாம் என்று தானே சொல்லும் கருவி என்பதால் எனக்கு இதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு. மனிதர்களிடமும் அரிதாகவே காணக் கிடைக்கும் நேர்மை அது.

*

காலம் இரண்டு விதமாக அரங்கில் வேலை செய்கிறது. முதல் விதத்தைச் சரிசெய்ய வழி உண்டு. பால்கனிக்கு அடியில் இருப்பவருக்கு மேடையின் ஸ்பீக்கர் எட்டவில்லை என்றால், அவர் தலைக்கு மேலே சிறிய ஸ்பீக்கர் ஒன்றை வைக்கிறார்கள். ஆனால் மின்சாரம் அந்த ஸ்பீக்கருக்கு ஏறக்குறையத் தாமதமே இல்லாமல் போய்விடும். மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலியோ 20 மீட்டர் கடக்க 58 மில்லிவிநாடி எடுக்கும். அப்படியே விட்டால் பாடகர் கூரையில் உட்கார்ந்து பாடுவதுபோலவும், பின்னாலேயே ஓர் எதிரொலி வருவதுபோலவும் கேட்கும். 1949இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் தம் ஆய்வேட்டில் காட்டிய உண்மை இங்கே கைகொடுக்கிறது: ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். பின்னது சற்றுக் கூடுதல் சத்தமாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே கூரை ஸ்பீக்கரை 58 மில்லிவிநாடியும் அதற்கு மேல் ஒரு பத்தோ பதினைந்தோ தாமதப்படுத்தினால், சொற்கள் தெளிவாகும். பாடகர் மேடையிலேயே இருப்பார். நம் வாசலில் குறைப்பட்டுக்கொண்ட ரசிகருக்கு அவருடைய வயலினை மீட்டுக் கொடுக்க இந்தத் தாமதத்தைச் சரியாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஈக்வலைசரில் எவ்வளவு தேடினாலும் இது கிடைக்காது.

இரண்டாவது விதம் எதிர்முழக்கம், அதாவது ஒலி நின்ற பிறகும் அரங்கில் நீடிக்கும் முழக்கம். இதை மேடையிலிருந்து எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. 1895இல் ஹார்வர்டின் இளம் இயற்பியல் ஆசிரியரான வாலஸ் கிளெமென்ட் சபைனிடம், ஃபாக் அருங்காட்சியகத்தின் புதிய விரிவுரை அரங்கில் பேசுவது விளங்கவில்லை, சரிசெய் என்று ஒப்படைத்தார்கள். அவரிடம் இருந்தவை ஓர் ஆர்கன் குழாய், காலத்தைப் பதியும் ஒரு கருவி, தன் காது. ஊரடங்கிய இரவுகளில், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் மெத்தைகளைச் சுமந்துவந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, குழாயின் ஒலி காதில் மறைய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். காலி அறையில் ஐந்து விநாடிக்கு மேல் நீடித்த ஒலி, மெத்தை கூடக் கூடச் சுருங்கியது. அந்த இரவுகளிலிருந்து பிறந்த வாய்ப்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அரங்கின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி ஹாலின் ஒலியமைப்பு இந்த அறிவின்மேல் எழுந்தது.

அந்த வாய்ப்பாட்டில் ஈக்வலைசருக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 10,000 கனமீட்டர் அரங்கில் உறிஞ்சும் பரப்பு 600 சதுர மீட்டர் என்றால் எதிர்முழக்கம் 2.7 விநாடி. ஆயிரம் ரசிகர்கள் வந்து ஆளுக்கு 0.4 சதுர மீட்டர் சேர்த்தால் 1.6 விநாடி. மதியம் காலியாக அளந்த அரங்கு மாலையில் இருப்பதில்லை. வந்து உட்கார்ந்த ரசிகர்களின் உடம்பும் உடையும் அதை மாற்றிவிடுகின்றன. காலியில் எடுத்த கோட்டைப் பார்த்து ஆசையாகத் திருகியவை எல்லாம் ஆறு மணிக்குத் தவறாகிவிடும்.

மேற்கத்திய சிம்பனிக்கு 2 விநாடி எதிர்முழக்கம் வரம். ஒரு ஸ்வரம் அடுத்ததோடு கரைந்து சேர்வதை அந்த இசை விரும்புகிறது. நம் இசைக்கு அது பொருந்தாது. துரித கால ஸ்வரத்தில் விநாடிக்கு எட்டு ஸ்வரங்கள் விழுகின்றன என்றால் ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்கு விநாடி. எதிர்முழக்கம் 2 விநாடி உள்ள அரங்கில், அடுத்த ஸ்வரம் பிறக்கும்போது முந்தைய ஸ்வரத்தின் முழக்கம் 4 டெசிபல்கூட இறங்கியிருக்காது. 1 விநாடி அரங்கில் 7.5 டெசிபல் இறங்கியிருக்கும். பிருகாக்கள் முத்து முத்தாக விழுகின்றனவா, குழம்புகின்றனவா என்பதில் தொண்டைக்கு இருக்கும் பங்குக்குச் சுவருக்கு இருக்கும் பங்கு குறைந்ததல்ல. குழம்பினால் "தெளிவு இல்லை, மேல் பக்கம் கூட்டுங்க" என்பார்கள். கூட்டினால் குழப்பம் கூர்மையாகக் கேட்கும், அவ்வளவுதான்.

*

கை வைப்பதால் நாம் இழப்பது என்ன என்பதற்குத் தம்பூராவைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1 கட்டையில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவர் தம்பூராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, 65 ஹெர்ட்ஸ். 5 கட்டையில் பாடும் பெண்ணின் ஸட்ஜம் 196. இந்த எண்களைப் பார்த்தால் தம்பூரா கீழ் அதிர்வெண்களில் வாழும் வாத்தியம் என்று தோன்றும். அதன் உயிர் இருப்பது மேலே. குதிரையின் வளைந்த முதுகில் தந்திக்கடியில் செருகும் ஜீவா நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தும்போது தம்பூரா திடீரென்று மலர்கிறதே, அது நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை மேல்ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பது. மந்தரத் தந்தியின் ஐந்தாம் மேல்ஸ்வரம் 327 ஹெர்ட்ஸில் தானாக ஒலிப்பதால்தான் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் காதில் விழுகிறது. 1921இல் சி.வி. ராமன் இந்தக் குதிரையை ஆராய்ந்தார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அங்கே அசையாமல் நிற்க வேண்டிய மேல்ஸ்வரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியலின் விதி. நம் தம்பூராவிலும் வீணையிலும் அவையும் ஒலிக்கின்றன என்று காட்டினார். மிருதங்கத்தைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். சாதாரண வட்டத் தோலின் மேல்ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. வலந்தலையின் கருஞ்சாந்து அவற்றை ஸட்ஜத்தோடு இணங்கும் வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை 1920இல் நேச்சர் இதழில் வெளியான குறிப்பில் பதிவு செய்தார்.

யாரோ பெயர் தெரியாத கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகத் தோலிலும் நூலிலும் செய்து முடித்த சமன்பாடு அது. மாலையில் அதற்கு நேர்வது என்ன? பாடகர் கை காட்டுகிறார்: "தம்பி, மானிட்டர்ல ஸ்ருதி கொஞ்சம் கூட்டுங்க." கூட்டுகிறார்கள். மிருதங்க வித்வான் விரலை மேலே தூக்குகிறார், அவருக்கும் கூட்டுகிறார்கள். வயலினுக்கு இப்போது தன் ஒலி கேட்கவில்லை. மேடை மானிட்டர்கள் ஒன்றையொன்று துரத்தி ஏறுகின்றன. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஃபீட்பேக்குக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் 3 டெசிபல் போய்விடும். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கடத்துக்கு இரண்டு, தம்பூராவுக்கு ஒன்று, அறிவிப்புக்கு மூடாமல் விட்ட ஒன்று என எட்டு மைக்குகள் திறந்திருந்தால் 9 டெசிபல் காலி. 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் ஊளை கிளம்புகிறது. பதற்றத்தில் அந்தக் குமிழை இறக்குகிறார்கள், பக்கத்துக் குமிழையும் சேர்த்து. ஊளை நிற்கிறது. கூடவே தம்பூராவின் ஜீவனும், மிருதங்கத்தின் மீட்டுச் சொல்லின் கணீரும், சாகித்யத்தின் மெய்யெழுத்துகளும் போய்விடுகின்றன. இது வேண்டும் என்று யாரும் செய்வதில்லை. அளவில்லாத இடத்தில் பயம்தான் கையை நகர்த்துகிறது.

அளவிருந்தால் வழி வேறு. பாடகரின் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். எந்தக் குமிழும் இவ்வளவு சுத்தமாக இதைத் தராது. அறிவிப்பு மைக்கை மூடலாம். மானிட்டர்களை எல்லாம் சேர்த்து ஒரு முறை 3 டெசிபல் இறக்கினால் மேடையில் ஒருவரையொருவர் கேட்பது எளிதாகும். முன்வரிசைக்காரர்கள் மானிட்டரின் முதுகுப்புற உறுமலிலிருந்து தப்பிப்பார்கள். அப்புறமும் ஊளையிட்டால், எந்த அதிர்வெண்ணோ அதை மட்டும், எந்த ஸ்பீக்கரோ அதில் மட்டும், ஊசி அளவுக்கு வெட்டலாம். போனர் 1960களில் காட்டிய கட்டுப்பாடு அது.

*

காது இருக்கும்போது கருவி எதற்கு என்று மூத்த ரசிகர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. எதை அளக்க வேண்டும், அளந்ததில் எது பொருட்டு என்று தீர்மானிப்பது காதுதான். தம்பூராவை நேரில் கேட்டிராத பொறியாளருக்கு எந்தத் திரையும் ஜீவனைக் காட்டாது. ஆனால் காதுக்குச் சில பலவீனங்கள் உண்டு. அது பழகிவிடும், அரை மணி நேரத்தில் எந்தக் கோணலான ஒலியும் இயல்பாகிவிடும். சத்தத்தை நயம் என்று எண்ணி ஏமாறும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியபடி, சத்தம் ஏற ஏறக் கீழ் அதிர்வெண்கள் காதுக்கு இன்னும் நிறைவாகக் கேட்கும். எல்லாவற்றையும் தூக்கி வைத்தால் மிருதங்கத் தொப்பியின் கும்கி அருமையாக இருப்பதாகத் தோன்றுவது அதனால்தான். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பலவீனம், காது ஒரு நேரத்தில் ஓர் இருக்கையில்தான் இருக்க முடியும் என்பது. மிக்சர் பல அரங்குகளில் மூலையிலோ பால்கனிக்கு அடியிலோ இருக்கும். அங்கே நன்றாகக் கேட்கும்படி அமைத்தால் அங்கே மட்டும் நன்றாகக் கேட்கும். அளவு மைக் அரங்கெங்கும் போய்வருகிறது. தன் காது போக முடியாத இருக்கைகளின் சார்பில் ஒருவர் கேட்பதற்கான வழி அது.

ஆகவே நம் சபாக்களிடம் கேட்க வேண்டியது விலையுயர்ந்த புதிய ஸ்பீக்கர்களை அல்ல. அரங்கை ஒரு முறை முறையாக அளந்து வையுங்கள்: காலியாகவும், நிறைந்த நிலையிலும், நடு வரிசையில் மட்டுமல்ல, ஓரத்திலும், பால்கனிக்கு மேலும் கீழும். எதிர்முழக்கம் எவ்வளவு, எந்த அதிர்வெண்ணில் அதிகம் என்று எழுதி வையுங்கள். ஒலிப்பொறியாளருக்குக் கச்சேரிக்கு முன் ஒரு மணி நேரம் அமைதியான அரங்கைக் கொடுங்கள். திரைச்சீலைக்கும் பூ அலங்காரத்துக்கும் கொடுக்கும் நேரத்தில் அது ஒரு பங்குதான். தேவையென்றால் சுவருக்கும் கூரைக்கும் செலவு செய்யுங்கள். நியூயார்க்கில் 1962இல் திறந்த ஃபில்ஹார்மோனிக் ஹாலின் ஒலி குறைசொல்லப்பட்டபோது, 1976இல் உள்ளே இடித்துக் கட்டினார்கள். அதுவும் போதாமல் மறுபடி மாற்றி 2022இல் திறந்தார்கள். கட்டடத்தில் இருக்கும் குறைக்குக் கட்டடத்தில்தான் கை வைக்க வேண்டும் என்பதை அறுபதாண்டுகள் செலவழித்து ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அளந்த கணக்கைப் பாடுபவர்களிடம் சொல்லுங்கள். இதுவரை அது பொறியாளரின் மடிக்கணினியோடு நின்றுவிடுகிறது. ஈக்வலைசரால் தொட முடியாத காலத்தைத் தொடக்கூடியவர் அரங்கில் ஒருவர் இருக்கிறார், அவர் மேடையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். எதிர்முழக்கம் 2 விநாடி உள்ள அரங்கில் விநாடிக்கு எட்டு ஸ்வரம் என்பதை ஆறாக இறக்கினால், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே முழக்கம் 5 டெசிபல் இறங்கும். நான்காக இறக்கினால் 7.5: அரங்கின் எதிர்முழக்கத்தைப் பாதியாக வெட்டியதற்குச் சமம். சுவரை இடிக்காமல், ஒரு குமிழையும் தொடாமல், காலப்பிரமாணத்தால் மட்டும் நடப்பது இது. இந்த அரங்கு இன்று எந்த வேகத்தைத் தாங்கும் என்ற ஒரு வரியை, ஸ்ருதி சேர்க்கும்போதே பாடகரின் காதில் போட்டுவிட்டால், பல்லவிக்கு எடுக்கும் களையையும் கல்பனாஸ்வரத்தின் நடையையும் அவர் அதற்கேற்ப வைத்துக்கொள்வார். அரங்கை அளப்பவரும் அரங்கில் பாடுபவரும் ஒரே வேலையின் இரண்டு பாதிகளைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். கச்சேரிக்கு முன் இருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால், பால்கனிக்கு அடியில் இருக்கும் ரசிகர் வரை அதன் பலன் போய்ச் சேரும்.